மேல்துணி தயார், கையால் தைக்க எந்த டிசைன்?

குயில்ட் என்பது மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை. அதன் மேல்துணியைத் துண்டு துண்டாக இணைத்து முடித்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: இதன் மேல் என்ன தைப்பது? இம்முறை வந்த கேள்விகளில் அது சம்பந்தமானவற்றுக்கு மட்டும் பதில். அளவுகள் எல்லாம் இன்ச்சில்.

3 இன்ச் சதுரங்களை இணைத்துச் செய்த மேல்துணி. பாதிக்கு மேல் பூப்போட்ட துணிகள். இறகு வளையம் (வட்டமாகச் சுற்றி வரும் இறகு டிசைன்) தைக்க ஆசை. எடுபடுமா?

எடுபடாது. கைத்தையலை நமக்குக் காட்டுவது நூலைவிட நிழல்தான். தையல் அமுக்கிய இடம் பள்ளமாகிறது, பக்கத்தில் துணி உப்புகிறது, அந்த மேடு பள்ளத்தில் விழும் நிழலே டிசைனாகத் தெரிகிறது. பூப்போட்ட துணியில் அந்த நிழல் பிரிண்ட்டுக்குள் கரைந்துவிடும். பல வாரம் தைத்த இறகு அடித்துணியில் மட்டும் அழகாகத் தெரியும்!

பிரிண்ட் நிறைந்த மேல்துணிக்கு, முழுப் பரப்பையும் ஒரே டிசைனால் மூடுவது நல்லது. சுலபமானது மூலைக்கு மூலை போகும் சாய்கோடு. 3 இன்ச் சதுரத்தில் அந்தக் கோடுகளின் இடைவெளி தானாகவே 2.1 இன்ச் வரும், குறிக்கவே வேண்டாம். ஒரு சிக்கல் உண்டு. நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலைதான் மேல்துணியிலேயே தடித்த இடம். இந்தக் கோடு ஒவ்வொரு மூலையிலும் அதற்குள்ளேயே போகும். ஊசி திணறும், தையல் நீளம் மாறும். அதைத் தவிர்க்க, மூலைகளை விட்டு ஒவ்வொரு சதுரப் பக்கத்தின் நடுப்புள்ளி வழியாகச் சாய்கோட்டை ஓட்டுங்கள். இடைவெளி அதே 2.1 இன்ச்தான், கட்டமும் அதேதான்; மூலைத் தடிப்பு மட்டும் வழியில் வராது. நடுப்புள்ளிகளைக் குறிக்கும் வேலை கொஞ்சம் கூடும்.

கோடு வேண்டாம் என்றால் விசிறி வளைவு. ஒன்றுக்குள் ஒன்றாக 1 இன்ச் இடைவெளியில் வளைவுகள், கீழ் ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக. ஒட்டுகளைப் பற்றி இந்த டிசைன் கவலைப்படாது. நேர்கோடும் சதுரமுமாக இருக்கும் மேல்துணிக்கு வளைவு நல்ல மாற்றமாகவும் இருக்கும்.

தையல் கோடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம்?

அதை முடிவு செய்வது நடுவிலிருக்கும் பஞ்சு அடுக்கு. அதன் உறையில் அதிகபட்ச இடைவெளி அச்சிட்டிருக்கும். டிசைன் தேடும் முன் அதைப் படியுங்கள். பிடிப்பு வலை சேர்த்து ஊசியால் இறுக்கிய பருத்தி அடுக்குகள் சில 8 முதல் 10 இன்ச் வரை தாங்கும். வலை இல்லாத சாதாப் பருத்தி 2 முதல் 4 இன்ச்சுக்குள்ளேயே கேட்கும். பாலியஸ்டரும் கம்பளியும் பெரும்பாலும் 3 அல்லது 4 இன்ச். மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில சலவைக்குப் பிறகு பஞ்சு நகர்ந்து கட்டிகட்டியாகத் திரளும், அப்புறம் அதைச் சரிசெய்ய வழியில்லை.

இடைவெளியை அளக்கும்போது பெரும்பாலோர் தவறுவது ஒன்று. 5 இன்ச் அகலப் பூவின் வெளிக்கோட்டை மட்டும் தைத்தால், அதன் வயிறு 5 இன்ச் வெறுமையாக இருக்கிறது. அதுவும் இடைவெளிதான். உள்ளே நரம்போ இன்னொரு சுற்றோ வேண்டும்.

இரு துண்டுகள் சேரும் இணைப்புப் பள்ளத்திலேயே தைப்பதா, கால் இன்ச் தள்ளித் தைப்பதா?

கையால் தைக்கிறீர்கள் என்றால், கால் இன்ச் தள்ளி. மேல்துணியின் இணைப்புகளில் உள்ளே மடிந்திருக்கும் விளிம்பும் வழக்கமாகக் கால் இன்ச்தான். அதன் ஓரத்தைத் தாண்டி ஊசி இறங்கினால் மூன்றே அடுக்கு: மேல்துணி, பஞ்சு, அடித்துணி. விளிம்பு மடிந்த பக்கம் தைத்தால் இன்னும் இரண்டு அடுக்கு கூடும். சரியாகக் கால் இன்ச்சில் தைத்தால் விளிம்பின் ஓரத்திலேயே ஊசி இடறும். மடிப்பு இருக்கும் பக்கத்தில் ஒரு நூல் அகலம் கூடுதலாகத் தள்ளுங்கள்.

பள்ளத்தில் தைப்பதற்கும் இடம் உண்டு. துண்டுத்துணிகளால் ஆன படம் முன்னே வந்து நிற்க வேண்டும், தையல் தெரியக்கூடாது என்றால் அதுவே வழி. அப்போது விளிம்பு மடியாத, தாழ்ந்த பக்கத்தில் இணைப்பை உரசியபடி போக வேண்டும். விளிம்புகளை இரு பக்கமும் பிரித்து இஸ்திரி போட்டிருந்தால் பள்ளத்தில் தைக்காதீர்கள். அங்கே ஊசி துணியைப் பிடிக்காமல் இணைப்பு நூலுக்குள் போய்வரும், பிடிமானம் இருக்காது.

மேல்துணியைத் திருப்பிப் போட்டு எந்த இணைப்பு எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கும் சேர்ந்த பிறகு விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும்.

இன்ச்சுக்கு 5 தையல்தான் வருகிறது. நுணுக்கமான டிசைன் தைக்கலாமா?

சிறிய வளைவுகளைத் தவிருங்கள். மேலே தெரியும் தையலை மட்டும் எண்ணினால் இன்ச்சுக்கு 5 என்பது, ஒரு தையலும் ஒரு இடைவெளியும் சேர்ந்து 5 மில்லிமீட்டர். அரை இன்ச் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஒன்றரை இன்ச். அதற்கு உங்கள் கையில் ஏழு எட்டுத் தையல்தான் விழும். அது வட்டமாக வராது, எண்கோணமாகத்தான் நிற்கும். இறகின் சிறிய மடல்களுக்கும் இதே கதி. அதே கையால் 4 இன்ச் இலை, பெரிய விசிறி வளைவு, சாய்கட்டம் (இரு திசைச் சாய்கோடுகள் சேர்ந்த கட்டம்) எல்லாம் குறையே தெரியாமல் வரும்.

கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு 8 முதல் 10 தையல் வரும். ஆனால் எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். தையலும் இடைவெளியும் ஒரே நீளத்தில் இருந்தால் இன்ச்சுக்கு 5 கூட நேர்த்திதான். குயில்ட்டுக்கென்றே வரும் குட்டை ஊசியில் 9 அல்லது 10 எண்ணில் தொடங்குங்கள். எண் கூடக் கூட ஊசி சிறுக்கும்.

டிசைனைத் துணியில் வரைவதற்கு முன் பார்க்க வழி உண்டா?

உண்டு. தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை மேல்துணியின் மேல் விரித்து, வெள்ளைப்பலகை மார்க்கரால் அதில் வரையுங்கள். பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு இன்னொன்று. முதலில் ஷீட்டின் நான்கு ஓரத்திலும் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். ஓரம் தெரியாமல் மார்க்கர் துணிக்குப் பாய்ந்தால் கறை போகாது. மை பட்ட பக்கம் துணியைத் தொடக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

60-க்கு 72 இன்ச் குயில்ட். பார்டர் 6 இன்ச். அதில் முறுக்குக் கயிறு டிசைன். மூலையில் பாதியில் அறுந்து நிற்கிறது. என்ன செய்வது?

ஒரு மூலையில் ஆரம்பித்து அடுத்த மூலைவரை வரைந்துகொண்டே போனால் இப்படித்தான் முடியும். மூலைகளை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நான்கு மூலைகளிலும் 6-க்கு 6 சதுரம் கழித்துவிடுங்கள். குறுகிய பக்கத்தில் மீதி 48 இன்ச், நீண்ட பக்கத்தில் 60. உங்கள் அச்சில் கயிற்றின் ஒரு முறுக்கு 5 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். 60-ல் சரியாக 12 முறுக்கு. 48-ல் 9.6, அங்கேதான் அறுகிறது. 48-ஐ 10-ஆல் வகுத்தால் 4.8, குறுகிய பக்கத்தில் ஒவ்வொரு முறுக்கையும் 0.2 இன்ச், அதாவது 5 மில்லிமீட்டர் குறைத்து வரையுங்கள். பக்கத்துப் பக்கத்தில் 5, இங்கே 4.8 என்று யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குறைவைப் பத்து முறுக்கிலும் பங்கிட வேண்டும். கடைசி முறுக்கில் மட்டும் நெருக்கினால் தூரத்திலிருந்தே தெரியும்.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் 48 இன்ச் காகிதப் பட்டையை மூன்று முறை பாதியாக மடியுங்கள். எட்டுப் பாகம், பாகத்துக்கு 6 இன்ச். முறுக்கையே 6 இன்ச்சாக மாற்றி வரைந்தால் நீண்ட பக்கத்திலும் 10 முறுக்காகப் பொருந்திவிடும். எங்களுக்கு இந்த வழியே பிடிக்கும்.

மூலைச் சதுரத்துக்குள் கயிறு வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவை ஒரே ஒரு முறை காகிதத்தில் சரியாக வரைந்து, அதையே நான்கு மூலைக்கும் அச்சாக வையுங்கள். வளைவு வசப்படவில்லையா? மூலையில் ஒரு தனிப்பூவை வைத்து, கயிற்றை அதன் இருபுறமும் நிறுத்திவிடுங்கள். இது குறுக்குவழிதான், ஆனால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

6 இன்ச் பார்டரில் கயிற்றின் அகலம் நாலரை இன்ச்சைத் தாண்ட வேண்டாம். வெளி ஓரத்தில் கால் இன்ச்சை, குயில்ட்டின் ஓரத்தை மூடித் தைக்கும் ஓரப்பட்டி விழுங்கும். அளவெடுக்கும்போது அதைக் கழித்துவிட்டு நடுவைக் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் முடிந்த குயில்ட்டில் கயிறு வெளிப்பக்கம் ஒதுங்கித் தெரியும்.

எட்டுமுனை நட்சத்திரம், சுற்றிலும் சாதா வெள்ளைத் துணி. எங்கே எதைத் தைப்பது?

நட்சத்திரத்தில் அடக்கம், வெள்ளையில் ஆட்டம். ஒவ்வொரு வைரத் துண்டுக்குள்ளும் கால் இன்ச் உள்தள்ளி ஒரு சுற்று போதும். எட்டு முனை சேரும் நடுப்புள்ளி வழியாக எந்தக் கோடும் வேண்டாம், அங்கே ஊசி வளையும் அல்லது ஒடியும். வைரத்தின் ஓரங்கள் சில இழைக்குச் சாய்வாக வெட்டுப்பட்டவை, இழுத்தால் நீளும். நூலை இறுக்காமல் தையுங்கள்.

இறகு வளையத்துக்கு உரிய இடம் வெள்ளைத் துணிதான். 12 இன்ச் சதுரமானால் வளையம் பத்தரை இன்ச்சுக்கு மேல் போகாமல் இருக்கட்டும், நாலு பக்கமும் முக்கால் இன்ச் மூச்சுவிட. வளையத்தைச் சுற்றிய பின்னணியில் அரை அல்லது முக்கால் இன்ச் சாய்கட்டம் தைத்தால் பின்னணி தட்டையாகி வளையம் தானாக எழும்பும். பின்னணியை வெறுமையாக விட்டால் வளையம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சப்பையாகவே தெரியும். இந்த உப்பலுக்குக் கம்பளி அடுக்கு பருத்தியைவிட ஒத்துழைக்கும்.

நடுவில் நெருக்கமாகத் தைத்தேன். பார்டர் இப்போது அலை அலையாக நிற்கிறது.

ஒவ்வொரு தையல் கோடும் கொஞ்சம் துணியை உள்ளே இழுக்கும். நடுப்பகுதி சுருங்கிவிட்டது, பார்டர் சுருங்கவில்லை. மிஞ்சிய நீளம் அலையாகிறது. ஓரப்பட்டி வைக்கும் முன் பார்டரிலும் ஏறக்குறைய அதே நெருக்கத்தில் தையல் சேருங்கள், பெரும்பகுதி அடங்கும். பார்டரை வெட்டி ஒட்டும்போதே நீளமாக வைத்திருந்தால் தையலால் முழுக்கத் தீராது. தலைகீழாக, ஓரம் நெருக்கம் நடு வெறுமை என்றால் நடு குடையாக எழும்பும். அதற்கும் இதே மருந்து.

எதனால் குறிப்பது?

எதுவானாலும் முதலில் அதே துணியின் மிச்சத்தில் குறித்து, துவைத்துப் பார்த்துவிடுங்கள். நீரில் கரையும் நீலப் பேனாவை சோப்பு இல்லாத குளிர்ந்த தண்ணீரில் முழுக்க அலசி எடுக்க வேண்டும். அதற்கு முன் இஸ்திரி பட்டால் கோடு நிரந்தரமாகிவிடலாம். சூட்டில் மறையும் பேனா கடுங்குளிரில் திரும்பத் தலைகாட்டும். நேர்கோட்டுக்கு மழுங்கிய முனையால் கீறி வரும் தடமே போதும், மையே வேண்டாம். கால் இன்ச் டேப்பும் நல்லது, ஆனால் இரவு முழுக்க ஒட்டி விடாதீர்கள். பசை துணியில் தங்கும். கறுப்புத் துணிக்கு வெள்ளைச் சாக். அது உதிர்ந்துவிடும் என்பதால் ஹூப்புக்குள் (துணியை இழுத்துப் பிடிக்கும் வளையச் சட்டம்) இருக்கும் பகுதிக்கு மட்டும் அவ்வப்போது.

இறகு போன்ற டிசைனை அடியிலிருந்து வெளிச்சம் காட்டி நகலெடுப்பதாக இருந்தால் மூன்று அடுக்கையும் சேர்க்கும் முன்பே வரைய வேண்டும். பஞ்சு வந்துவிட்டால் வெளிச்சம் ஊடுருவாது, அப்புறம் அச்சுத் தகடுதான் கதி.

எவ்வளவு நூல் வாங்குவது?

பரப்பளவை இடைவெளியால் வகுத்தால் தையல் கோட்டின் மொத்த நீளம். 60-க்கு 60 என்றால் 3,600 சதுர இன்ச். 2 இன்ச் இடைவெளியில் ஒரு திசைக்கு 1,800 இன்ச், சாய்கட்டத்துக்கு இரண்டு திசையும் சேர்த்து 3,600 இன்ச், அதாவது சுமார் 91 மீட்டர். நூல் மேலும் கீழும் போவதற்கும் முடிச்சு வாலுக்குமாக ஒன்றரை மடங்கு வைத்து 140 மீட்டர் வாங்குங்கள். இடைவெளியை 1 இன்ச் ஆக்கினால் நூலும் நேரமும் இரட்டிப்பு. டிசைனை உறுதி செய்யும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். 91 மீட்டர் கோட்டில் இன்ச்சுக்கு 8 தையல் வீதம் 28,800 தையல் இருக்கிறது.

நூல் நிறம்?

ஒரு இழையைப் பிரித்து மேல்துணியின் குறுக்கே எல்லா நிறத்தின் மேலும் கிடத்திப் பாருங்கள். உருளையாகப் பார்க்கும் நிறமும் இழையாகப் பார்க்கும் நிறமும் வேறு. பல நிறக் கலவைக்கு நடுத்தரச் சாம்பலோ மணல் நிறமோ பெரும்பாலும் ஒத்துப்போகும். வெள்ளைத் துணிக்கு அடியில் அடர்நிற நூலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பஞ்சு வழியாகக் கடத்தாதீர்கள், மேலே நிழலடிக்கும். அங்கே முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.