ஃபார்முக்கு மூன்று ரூபாய்

அன்புள்ள சார்,

என் ஊர் குலசேகரம் பக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்திருக்கிறேன். நாகர்கோவிலில் ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்துகிற ஒரு அறக்கட்டளையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். மருத்துவச் சேவை ஆய்வு என்கிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஏன் பாதியில் வராமல் போகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரித்து எழுத வேண்டும். மாதம் 12,000 ரூபாய் தருவார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. தர்மத்துக்கென்று ஜனங்கள் கொடுத்த பணத்தில் சம்பளம் வாங்குவது பாவம், போவதானால் சும்மா போய்ச் செய் என்கிறார். கூடப் படித்தவர்கள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் சேர்ந்துவிட்டார்கள், ‘ஆறு மாசம் ஃபார்ம் நிரப்பி என்னடி கிழிக்கப்போற’ என்று கேட்கிறார்கள். எனக்கு மருத்துவம் தெரியாது, இங்கிலீஷும் சுமார்தான். போகலாமா சார்? படிக்க ஏதாவது புத்தகம் சொல்வீர்களா? பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள மக்களே,

(வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் ஜில்லாவில் ஒற்றை ஆளைக் கூப்பிடுவதற்கும் மக்களேதான்.)

போன வாரம் அருமனைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு வளைவில் பஸ் நின்றது. எனக்குத் தெரிந்த ஒரு சாயாக்கடை இருந்த இடம் அது. இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. வீடு வந்து சேர்கிற வரைக்கும் அந்தக் கடை பெஞ்சைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் உன் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் நான் கடிதங்களுக்குப் பதில் போடும் லட்சணம் எல்லாருக்கும் தெரியும்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். இங்கிலீஷ் வந்துவிடும், விடு. மருத்துவம் தெரியாதது ஒரு குறையே இல்லை. டாக்டருக்குத் தோன்றுகிற கேள்வியை டாக்டரே கேட்டுக்கொள்வார், உனக்குத் தோன்றுவதைக் கேட்கத்தான் உன்னை எடுத்திருக்கிறார்கள். டெக்னோபார்க் சிநேகிதிகளுக்கு ஏ.சி., உனக்கு ரப்பர் விளைக் கொசு. பிடித்தால் போ.

அப்பா விஷயம் அப்படித் தள்ள முடியாது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சம்பளம் வாங்குகிறாரா? நர்ஸ்? எக்ஸ்ரே எடுக்கிறவர், வார்டு கூட்டுகிற அக்கா, வாசலில் டோக்கன் கொடுக்கிற அண்ணன்? எல்லாரும் வாங்கலாம், வெயிலில் நடந்துபோய்க் கதவைத் தட்டுகிற பெண் மட்டும் வாங்கினால் பாவமா? நம் ஜில்லாவின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-ல் தொடங்கியது. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த சாமர்வெல் என்ற டாக்டர், அந்த முயற்சி முடிந்த கையோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தார். சேவைக்கு அதைவிடப் பெரிய உதாரணம் அப்பாவுக்கும் கிடைக்காது. அந்த மிஷன் டாக்டர்களுக்கும் மாதப்படி உண்டு. சும்மா செய் என்றால் யார் வருவார்கள்? வீட்டில் காரும் இரண்டு சம்பளமும் இருக்கிற பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குத் தோன்றுகிற கேள்விகள்தான் கேள்வித்தாளில் ஏறும். இதை அப்பாவிடம் மெதுவாகச் சொல். மனுஷர் நல்லவர் என்று தெரிகிறது.

உன்மேல்தான் எனக்குக் கோபம். ‘ஃபார்ம் நிரப்பி’ என்று சிநேகிதிகள் சொன்னதை மறுக்காமல் அப்படியே எனக்கு எழுதியிருக்கிறாய். ஃபார்ம் நிரப்புவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் நிரப்பியிருக்கிறேன்.

1991. பி.காம். முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய காலம். ஒரு தர்ம ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம், அங்கே டி.பி. மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்களைப் பற்றி ஒரு சர்வே. நாற்பது பெயரும் விலாசமும் எழுதிய தாளைக் கையில் கொடுத்தார்கள். ரிஜிஸ்டரில் அந்தப் பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் ‘டிஃபால்ட்டர்’ என்று போட்டிருந்தது. பின்னால் நான் கூட்டுறவு வங்கியில் சேர்ந்தபோது கடன் கட்டாதவர்களுக்கும் அதே வார்த்தையைத்தான் போட்டோம். உலக சுகாதார நிறுவனம் அந்த வார்த்தையை டி.பி. கணக்கிலிருந்து எடுத்தது 2013-ல்தான். இப்போது ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்கிற அர்த்தத்தில் வேறு சொல். யாருக்கு யாரோடு தொடர்பு விட்டுப்போனது என்று மட்டும் அதிலும் இல்லை.

சம்பளம் ஃபார்முக்கு மூன்று ரூபாய். பஸ்ஸுக்குத் தனியாகக் கிடையாது.

ரப்பர் வெட்டுக்காரர் வீட்டுக்குப் பத்து மணிக்குப் போனால் ஆள் இருக்கமாட்டார். உனக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார், மரம் மரமாக வெட்டிச் சிரட்டை வைத்துக்கொண்டே போவார், பால் வடிந்து நிற்கிற வரை காத்திருந்து எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட் அடித்துக் காயப்போட மத்தியானம் ஆகிவிடும். ஓ.பி.யும் மத்தியானத்தோடு மூடிவிடும். அந்த ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வயதான நர்ஸ் என்னிடம், மழை பெய்தால் ஓ.பி.யில் கூட்டம் அதிகம், மழைக்கு இருமல் கூடும் என்று சொன்னார். நானும் தலையாட்டினேன். மரம் நனைந்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வர நேரம் என்று எனக்கு விளங்கப் பல வருஷம் ஆனது.

ஒரு ஃபார்முக்காக மூன்று தடவை நடந்தேன். மூன்று ரூபாய்க்கு மூன்று நடை, பஸ் என் காசு. நாலாவது வாரம் அந்தச் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கட்டன் சாயாவும் ஒரு பழம்பொரியும் வாங்கி வைத்துக்கொண்டு, பதினொரு ஃபார்மை நானே நிரப்பினேன். வேறு வேறு பேனா உபயோகித்தேன், அதுதான் என் திறமை. ‘சிகிச்சையை நிறுத்தியதற்குக் காரணம்’ என்ற இடத்தில் தூரம், செலவு, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, குணமாகிவிட்டதாக நினைத்தது, மற்றவை என்று ஐந்து கட்டங்கள். பெரும்பாலும் ‘தூரம்’ கட்டத்தில் டிக் போட்டேன். என் கால் வலித்துக்கொண்டிருந்தது.

ரிப்போர்ட் வந்தது. முக்கியக் காரணம் தூரம். யாரோ புண்ணியவான் பணம் கொடுக்க ஆஸ்பத்திரி ஒரு வேன் வாங்கி வாரம் இரண்டு நாள் அந்தப் பக்கம் அனுப்பியது. பாதி காலியாகத்தான் ஓடியது, இரண்டு வருஷம்.

நாலைந்து மாதம் கழித்து அதே பக்கத்தில் ஒரு துட்டி (சாவு) வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு அம்மா மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வெட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “மோன் ஆஸ்பத்திரியில உள்ளதாக்குமா? முன்ன ஒருக்க பையும் தூக்கிட்டு இந்த வழியா போனியளே” என்று கேட்டாள். பொய் சொல்ல நேரமில்லை, ஆமாம் என்றேன். உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்தாள். முக்கால் பாட்டில் மருந்து, சிவப்புக் காப்ஸ்யூலும் வெள்ளை மாத்திரையும். “அவரு போயிட்டாரு மக்களே. இத ஆஸ்பத்திரில குடுத்துருங்க, வேற ஆருக்காவது ஆவுமே.”

ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்காகக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. “மூத்திரம் ரெத்தம் மாதிரி போச்சு. மருந்து கொடல அறுக்குதுன்னு பயந்து நிறுத்திப்போட்டாரு.” தூரமா இருந்ததா என்றேன். “என்ன தூரம்? சைக்கிள்ல அர மணிக்கூரு.”

ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும், வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மருந்து எடுத்துக்கொடுக்கிற ஆள் ஜன்னல் வழியாக ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், வேன் வேண்டாம், டீசல் வேண்டாம். வீட்டுக்கு வந்து தேதியைக் கணக்குப் பார்த்தேன். நான் சாயாக்கடையில் அந்த ஃபார்மை நிரப்பியபோது அவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ‘தூரம்’ என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

பாட்டிலை நான் ஆஸ்பத்திரியில் கொடுக்கவில்லை. கொடுத்தால் எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

ரிஜிஸ்டரில் இருப்பது வந்தவன் கணக்கு. வராதவன் வீட்டு முற்றத்தில்தான் உன் வேலை இருக்கிறது. நெய்யூர் டாக்டர்கள் வயிற்றுப்புண்ணை அறுத்துத் தைத்ததோடு நிற்காமல் இந்த ஜனம் வீட்டில் என்ன சாப்பிடுகிறது என்றும் பார்த்தார்கள், மரச்சீனிச் சாப்பாட்டைச் சந்தேகித்தார்கள். குன்னூரில் சாப்பாட்டுக்கும் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்த மெக்காரிசன் என்ற டாக்டர் திருவிதாங்கூர் ஏழைச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வயிற்றிலும் புண் வருவதைக் காட்டினார். (வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தது 1982-ல், அது வேறு கதை.) பிரசவச் சாவுகளைப் பற்றி 1994-ல் தடேயஸ், மெய்ன் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரையில் மூன்று தாமதங்கள் என்று ஒரு கணக்கு சொன்னார்கள்: போகலாம் என்று முடிவெடுக்கிற தாமதம், போய்ச் சேருகிற தாமதம், போன இடத்தில் கவனிக்கிற தாமதம். நான் நிரப்பிய ஃபார்மில் மூன்றாவதற்குக் கட்டமே இல்லை, நான் டிக் போட்டதும் பெரும்பாலும் நடுவில் உள்ளதற்குத்தான். முதலாவது வீட்டுக்குள் நடப்பது, மூன்றாவது ஆஸ்பத்திரிக்குள் நடப்பது, அதைக் கேட்டால் ஆஸ்பத்திரிக்குக் கோபம் வரும். நீ அதைத்தான் முதலில் கேள்.

சர்க்கரைக்காரர்களில் உன் ரிஜிஸ்டரிலிருந்து காணாமல் போனவர் எல்லாம் மருந்தை விட்டுவிட்டார் என்று எழுதிவிடாதே. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் சீட்டு வைத்திருப்பார். தமிழ்நாடு-கேரள எல்லையை அங்கே போட்டது 1956-ல், ஜனங்கள் அந்தப் பக்கம் போய்வந்தது அதற்கும் முன்னாலிருந்து. தூத்தூர் மீன்பிடிக்காரர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார், மாத்திரை தீர்ந்த அன்றைக்குக் கரை கண்ணுக்கே தெரியாது. 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அரசாங்கமே வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறது, அதை வாங்குகிறவராக இருக்கலாம். அல்லது அவர்கள் வருகிற நேரத்தில் விளையில் இருக்கலாம். இதெல்லாம் ‘மற்றவை’ என்ற கட்டத்துக்குள் போகும். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுத எத்தனை வரி இடம் விட்டிருக்கிறார்கள் என்று சேருமுன்னே பார். அரை வரி என்றால் சண்டை போடு.

இன்னொன்றும் கேள். 12,000 என்றாயே, அது மாதத்துக்கா, இத்தனை ஃபார்ம் முடித்தால்தானா? பஸ் காசு தனியா? ‘மூன்று தடவை போனேன், வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா, முகம் சுளிப்பார்களா? இதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கேயும் ஒரு சாயாக்கடை பெஞ்ச் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள். நான் ஏழைப் பையன், அதனால் செய்தேன் என்று சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டேன். அதே மூன்று ரூபாய்க்கு ஒழுங்காக நடந்தவர்களும் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் மூன்று ரூபாய் என்று நிர்ணயித்தவருக்கும் அந்த பதினொன்றில் பங்கு உண்டு.

புத்தகம் கேட்டாய். வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-ல் லான்செட் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தேவை எங்கே அதிகமோ அங்கேதான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று சொல்வார். சில பக்கம்தான், அகராதியை வைத்துக்கொண்டு படி, உன் இங்கிலீஷுக்கும் ஆச்சு.

போகலாமா என்றுதானே கேட்டிருந்தாய். போ. ஜூனில் சேர்கிறாய், நல்ல குடையாக ஒன்று வாங்கிக்கொள். மழை நாளில் வெட்டு இருக்காது, ஆள் வீட்டில் இருப்பார்.