மிளகாய்த் தோட்டத்து ஓடுகள்

அன்புள்ள ஐயா,

உச்சிப்புளி பக்கம் எங்களுக்கு மிளகாய்த் தோட்டம் இருக்கிறது. களை வெட்டும்போதெல்லாம் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் கிடைக்கின்றன. ஒரு பை சேர்த்து வைத்திருக்கிறேன். ஆற்றங்கரை ஊர்ப் பக்கமுள்ள வயல்களில் ஒன்றுமில்லை. தரையில் கிடக்கும் ஓட்டை மட்டும் பார்த்து ‘இங்கே ஊர் இருந்தது, அங்கே இல்லை’ என்று வரைபடம் போடுவது சரியா? கற்கால மனிதர்கள் எங்கள் கடற்கரைக்கு வரவேயில்லையா?

எம்., உச்சிப்புளி

அன்புள்ள எம்.,

‘இருந்தது’ என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். ‘இல்லை’ என்பதில்தான் எனக்கு வழக்கு. தரையில் கிடப்பதைப் பார்த்துக் குறிக்கும் மேற்பரப்பு ஆய்வை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2013-14இல் இந்தியத் தொல்லியல் துறை வைகைக் கரையோரம் தேடி 293 இடங்களைக் குறித்தது. கீழடி அவற்றில் ஒன்று.

ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் ஆறு வேறு மாதிரி. வைகைத் தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும்; நல்ல வெள்ளம் வந்தால்தான் கடலைப் பார்க்கும். வரும்போதெல்லாம் வண்டலைப் பரப்பிவிட்டுப் போகும். பழைய துறைமுக ஊரான அழகன்குளத்துக் கோட்டைமேடு போல மேடாக நிற்பது கண்ணில் படும், பள்ளத்தில் இருந்தது புதைந்துபோகும். ஈராக்கில் ராஸ் அல் அமியா என்ற பழைய குடியிருப்பு முழுக்க வண்டலுக்கு அடியில் கிடந்தது. கால்வாய் வெட்டியபோது தற்செயலாகத்தான் அகப்பட்டது.

இதற்கு மேல் நம்மவர் கைவரிசையும் உண்டு. கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு அடிப்பது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. உங்கள் ஓடுகளும் அப்படி வண்டியேறி வந்தவையாக இருக்கலாம். தோட்டத்துக்கு வண்டல் அடித்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஓட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள்: மழுங்கியிருந்தால் நீரிலோ மண்ணிலோ உருண்டிருக்கலாம், கூராக இருந்தால் அதிகத் தூரம் அலையவில்லை. எலி வளை மண்ணையும் கிணறு வெட்டிய மண்ணையும் கிளறுங்கள். அங்கும் ஓடு வந்தால் அடியில் ஏதோ இருக்கிறது. கருவேலங்காடு மூடிய நிலத்தை யாரும் ஒழுங்காக நடந்து பார்ப்பதில்லை. முள்ளுக்குப் பயந்து விட்ட இடமும் வரைபடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றே ஏறிவிடுகிறது!

கற்காலம் பற்றி. தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துச் தேரிகளில், அதாவது செம்மணல் மேடுகளில், நுண்கற்கருவிகள் (கற்கால மனிதர்களின் சின்னஞ்சிறு கல் கருவிகள்) கிடைத்திருக்கின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது, அன்றைக்கு அது தரை. அக்காலத்துக் கடற்கரையில் யாராவது தங்கியிருந்தால் அந்த இடம் இன்று தண்ணீருக்குள். உங்கள் வயலில் தேடி என்ன பயன்?

பையில் சேர்ப்பதை நிறுத்துங்கள். கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, கைப்பேசியில் இடக்குறிப்போடு படம் எடுங்கள். சேர்த்துவிட்ட பையை ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசத்தில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். போகுமுன் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், கீறல் எழுத்து ஏதாவது இருந்தால் போய்விடும்.