லோகோ வந்தபின் திரை கறுத்துவிட்டால்
பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டீர்கள், லோகோ வந்ததும் திரை கறுத்துவிடுகிறது, ஆனால் உள்நுழையும் ஓசை கேட்கிறது என்கிறீர்கள், அப்படியென்றால் சிஸ்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தயவுசெய்து மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் எரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். ஒன்றுமே தெரியவில்லையா, எனக்குக் கிராபிக்ஸ் டிரைவர் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) மேல்தான் சந்தேகம். சரி, லேப்டாப் தொடங்கும்போது எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் ஈ (e) விசையை அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset) என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து எஃப்10 தட்டுங்கள். இது அந்த ஒரு தடவைக்குத்தான். திரை வந்துவிட்டால் உடனே மின்ட் மெனுவில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்து சரியான டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள், நோமோட்செட்டையே நிரந்தரமாக வைத்தால் வீடியோ திக்கித் திக்கி ஓடும். அப்புறம் எந்தக் கிராபிக்ஸ் சிப் என்று எழுதுங்கள்.