வாசகர் கேள்வி, ஆய்வக விடை: சிறுநீரிலிருந்து ஆர்.என்.ஏ.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. இரத்தத்திலிருந்து நல்ல ஆர்.என்.ஏ. எடுத்துத் தரும் அதே கிட், சிறுநீரில் ஒரு மாதிரிக்குப் பலன் தருகிறது. அடுத்த மாதிரிக்கு எதுவுமே கிடைப்பதில்லை. சிறுநீரைப் பெற்றவுடன் அப்படியே மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்து, வார இறுதியில் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கி, செல்களைப் பிரிக்கிறேன். கிட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: கிட்டை மாற்ற வேண்டாம், வேலையின் வரிசையை மாற்றுங்கள். முழுச் சிறுநீரை உறைய வைக்கும்போது உருவாகும் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுகின்றன. உருகும் நேரத்தில் உள்ளிருந்த ஆர்.என்.ஏ. வெளியே கசிந்து, சிறுநீரில் ஏராளமாக இருக்கும், ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் ஆர்.என்.ஏஸ் நொதிகளிடம் நேராகப் போய்ச் சிக்குகிறது. அதன்பின் மையவிலக்கியில் எவ்வளவு சுழற்றினாலும் அடியில் சேர்வது பெரும்பாலும் செல் சிதைவுகள்தான்.

இந்த நொதிகள் லேசில் அடங்குபவை அல்ல. அவற்றில் ஒன்றான ஆர்.என்.ஏஸ் ஏ-யின் அமைப்பை 4 டைசல்பைடு பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், கொதிக்க வைத்து ஆறவிட்டாலும் அது பழைய வடிவத்திற்குத் திரும்பி வேலையைத் தொடரும். குவானிடின் தயோசயனேட் கலந்த சிதைப்புக் கரைசல் அதன் புரத அமைப்பைக் குலைத்துச் செயலிழக்கச் செய்கிறது. சோம்சின்ஸ்கியும் சாக்கியும் 1987-இல் வெளியிட்ட ஒற்றைப்படி முறையும், இன்று நாம் வாங்கும் பெரும்பாலான கிட்களும் இந்தச் சேர்மத்தையோ அதன் உறவுச் சேர்மங்களையோதான் நம்பியிருக்கின்றன. ஆகவே சிறுநீர் வெளியேறிய கணத்திலிருந்து செல்கள் சிதைப்புக் கரைசலைத் தொடும் கணம் வரையிலான இடைவெளியே உங்கள் விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மாதிரியை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கூடுமானவரை ஒரு மணி நேரத்துக்குள், 4 டிகிரியில் 2,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 2,000 மடங்கு) விசையில் 20 முதல் 30 நிமிடம் சுழற்றுங்கள். குறிப்பேட்டில் சுழற்சி எண்ணிக்கையை மட்டும் எழுதினால், வேறு ரோட்டருக்கு மாறும்போது விசையும் மாறிவிடும்; ஜி மதிப்பையே எழுதுங்கள். குழாயை வைக்கும் முன் அதன் வெளிப்புறம் நோக்கிய பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். வண்டல் பல நேரங்களில் கண்ணுக்கே தெரியாது. அது அந்தப் புள்ளிக்குக் கீழேதான் ஒட்டியிருக்கும் என்பதால், எதிர்ப்பக்கமாகப் பைப்பெட்டைச் சாய்த்து மேல்நீரை எடுத்து, கடைசி அரை மில்லிலிட்டரை விட்டுவிடலாம். பிறகு குளிர்ந்த பி.பி.எஸ். என்னும் உப்புத் தாங்கல் கரைசலில் ஒருமுறை கழுவி, மீண்டும் சுழற்றி, உடனே சிதைப்புக் கரைசலைச் சேருங்கள். இந்த நிலையில் மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் வார இறுதி வரை தாராளமாகக் காத்திருக்கலாம்.

நீண்ட நேரம் குளிரில் இருந்த சிறுநீரில் கலங்கலாகத் தடித்த வண்டல் தெரிந்தால், செல்கள் மிகுந்திருக்கின்றன என்று மகிழ வேண்டாம்; யூரேட், பாஸ்பேட் உப்புகளும் யூரோமோடுலின் புரதமும் குளிரில் அப்படித்தான் படியும்.

கேள்வி: காலையின் முதல் சிறுநீரா, இரண்டாவதா? எவ்வளவு வேண்டும்?

பதில்: தேடும் பொருளைப் பொறுத்தது. செல்களின் ஆர்.என்.ஏ. வேண்டுமென்றால் இரண்டாவது நல்லது. இரவு முழுவதும் சிறுநீர்ப்பையில் தங்கிய செல்கள் ஏற்கெனவே நலிந்திருக்கும். 30 முதல் 50 மில்லிலிட்டர் நடுத்தாரை போதும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2012-இல் ஒப்புதல் அளித்த பி.சி.ஏ.3 என்னும் புராஸ்டேட் சோதனையிலோ, மலக்குடல் வழியே சுரப்பியைப் பரிசோதித்த பின் வெளிவரும் முதல்தாரையே தேவை, ஏனெனில் சுரப்பியின் செல்கள் அதில்தான் அடித்து வரும். செல்கள் வெளிவிடும் நுண்பைகளான எக்சோசோம்களைத் தேடுவோர் செல்களை நீக்கிய மேல்நீரையே எடுத்துக்கொள்ள வேண்டும். யூரோமோடுலின் இழைகள் எக்சோசோம்களைப் பின்னிப் பிடித்துக்கொள்வதால், டைசல்பைடு பிணைப்பை உடைக்கும் டி.டி.டி. சேர்த்து அவற்றை விடுவிப்பதும் வழக்கம்.

கேள்வி: தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில் 260/280 விகிதம் 1.6, 260/230 விகிதம் 0.4; ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் ஆர்.ஐ.என். 2.5. இந்த மாதிரியைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தூய ஆர்.என்.ஏ.வுக்கு முதல் விகிதம் சுமார் 2.0 இருக்கும் என்பது சரிதான். ஆனால் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சில நானோகிராம் மட்டுமே இருக்கும்போது ஒளி உறிஞ்சல் விகிதங்களை நம்ப முடியாது. அளவை அறிய ஒளிரும் சாயம் கொண்டு அளவிடும் கருவியைப் பயன்படுத்துங்கள். 230 பக்கத்தில் தெரியும் குறை பெரும்பாலும் எஞ்சிய குவானிடின் உப்பால் வருவது. அடுத்த மாதிரிகளில் எத்தனால் கழுவலை ஒருமுறை கூட்டினால் குறையும். ஆர்.ஐ.என். மதிப்பு 10-க்கு எவ்வளவு என்பதைவிட, சிறுநீரில் உதிரும் செல்கள் இயல்பாகவே சாகும் நிலையில் உள்ளவை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். சிறுநீரகம் மாற்றப்பட்ட 485 பேரின் 4,300 சிறுநீர் மாதிரிகளைக் கொண்டு, உறுப்பு நிராகரிப்பைக் கண்டறியும் வழியை 2013-இல் வெளியிட்ட ஆய்வு, வண்டலில் இருந்த சி.டி.3 எப்சிலான், ஐ.பி.10 ஆகிய நோயெதிர்ப்புப் புரதங்களின் எம்.ஆர்.என்.ஏ.வையும் 18எஸ் என்னும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வையும்தான் அளந்தது. பயன் உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே உடைந்த ஆர்.என்.ஏ.வுக்கு ஏற்ப வேலையை அமையுங்கள்: பெருக்கும் துண்டு 70 முதல் 100 காரங்களுக்குள் இருக்கட்டும், பாலி ஏ வாலை மட்டும் பற்றும் பிரைமருக்குப் பதில் சீரற்ற வரிசை கொண்ட அறுகாரப் பிரைமர்களை (ரேண்டம் ஹெக்சாமர்) எடுங்கள், டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் நொதியை இட்டபின், தலைகீழ்ப் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு குழாயையும் கட்டாயம் ஓட்டுங்கள். கடைசியாக, ஆர்.என்.ஏ.விலிருந்து படியெடுத்த டி.என்.ஏ.வான சி.டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி அளந்து பாருங்கள். பி.சி.ஆர். சமிக்ஞை எத்தனையாவது சுழற்சியில் தெரிகிறது என்று காட்டும் சி.டி. (Ct) மதிப்பு ஏறத்தாழ 3.3 சுழற்சி தள்ளிப்போனால் மாதிரி சுத்தமானது. அதைவிடக் குறைவாகத் தள்ளிப்போனாலோ, அசையாமல் நின்றாலோ, பி.சி.ஆரைத் தடுக்கும் பொருள் இன்னும் உள்ளே இருக்கிறது, நீர்த்த மாதிரியையே பயன்படுத்துங்கள்.