பதிவு மென்பொருளுக்கு எந்த வடிவக் கான்ஃபிக் கோப்பு?

கேள்வி: ஓர் அரிசி ஆலையின் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். எடைமேடை, கிடங்கு ஆகியவற்றின் கணினிகளிலிருந்து வரும் பதிவுகளை ஆர்சிஸ்லாக் என்ற பதிவு மென்பொருள் மூலம் மைய சர்வருக்கு அனுப்புகிறோம். அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பு, பலர் கைவைத்ததால், இன்று எவருக்கும் புரியவில்லை. சென்ற சம்பா அறுவடையின்போது மைய சர்வர் ஒரு மணி நேரம் துண்டிக்கப்பட்டதும், வரிசையில் காத்திருந்திருக்க வேண்டிய எடைமேடைப் பதிவுகள் காணாமற்போயின. புதிதாக எழுதுவதென்றால், உள்தள்ளலால் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் யாம்ல் வடிவில் எழுதலாம் என்கிறார் உடன் பணிபுரியும் தம்பி. தங்கள் கருத்து என்ன?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: டாலர் குறியில் தொடங்கும் பழைய வரிகள் உங்கள் கோப்பில் இருந்தால், முதலில் அவற்றையே சந்தேகிப்பேன். வரிசையை (அனுப்ப முடியாத பதிவுகள் காத்திருக்கும் இடத்தை) பற்றிய அந்த அமைப்புகள், தமக்கு அடுத்து வரும் ஒரே ஒரு செயலுக்குத்தான், அதாவது கோப்பில் எழுதும் அல்லது சர்வருக்கு அனுப்பும் ஒரு வரிக்குத்தான், பொருந்தும். மைய சர்வருக்கு அனுப்பும் வரிக்கென்று எழுதிய அமைப்புக்கும் அந்த வரிக்கும் நடுவே, உள்ளூர்க் கோப்பில் எழுதும் புதிய வரியொன்றை யாரேனும் நுழைத்திருந்தால், வரிசை புதிய வரியோடு போய்விடும். அனுப்பும் வரிக்கு ஒன்றும் மிஞ்சாது. இலக்கணப்படி எல்லாம் சரியாக இருப்பதால் பிழைச் செய்தியும் வராது. மதகின் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதே தெரியாமல் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையே என்று தேடுவது போன்றது இது.

ஆகவே, அனுப்பும் பகுதியை ரெய்னர்ஸ்கிரிப்ட் எனப்படும் புதிய வடிவில் எழுதுங்கள். அதில் சர்வரின் முகவரி, போர்ட், வரிசையின் வகை, எத்தனை முறை மீண்டும் முயல வேண்டும் என்பது முதலான அனைத்தும் ஒரே அடைப்புக்குறிக்குள் அமைவதால், இடையில் யார் எதைச் சேர்த்தாலும் அவை பிரிந்து போவதில்லை.

இதற்காகக் கோப்பு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. எரிக் ஆல்மன் 1980-களில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக உருவாக்கிய சிஸ்லாக் என்ற பதிவு முறையிலிருந்து வழிவழியாக வந்த ஒருவரி விதிகள், எளிய வேலைக்கு இன்றும் படிக்கச் சுலபமானவை. இடப்பக்கம் எந்தச் செய்தி, வலப்பக்கம் எந்தக் கோப்பு, அவ்வளவுதான். இடப்பக்கம் செய்தியின் கடுமையைக் குறிக்க 'இன்ஃபோ' (சாதாரணத் தகவல்) என்று எழுதினால் அந்த நிலையும் அதைவிடக் கடுமையான நிலைகள் அனைத்தும் அடங்கும் என்பதை மட்டும் தம்பிக்குச் சொல்லிவையுங்கள்.

யாம்ல் பார்வைக்கு அழகானதுதான். ஆனால், உங்களிடம் உள்ள பதிப்பு அதை ஏற்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏற்றாலும், பழைய விதிகளில் 'எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறியும், 'மேற்படி' என்று பொருள்படும் ஆம்பர்சண்ட் குறியும் யாம்லில் வேறு பொருள் கொண்டவை. மேற்கோள் குறியின்றி நட்சத்திரத்தில் தொடங்கும் மதிப்பை எழுதினால் கோப்பே படிக்கப்படாது. உள்தள்ளலுக்கு டேப் விசையைப் பயன்படுத்தவும் கூடாது. யாம்லைப் போன்ற இன்னொரு வடிவமான ஜேசானிலோ விளக்கக் குறிப்பு எழுத இடமே இல்லை. பலர் கைமாறும் கோப்புக்கு அது ஒத்துவராது.

மாற்றிய கோப்பை, ஆர்சிஸ்லாக்டி கட்டளையின் 'என்1' விருப்பத்தால் சோதித்த பிறகே சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்தச் சோதனை இலக்கணத்தை மட்டுமே பார்க்கும் என்பதால், குறுவை நெல் ஆலைக்கு வருமுன் ஒருநாள் மைய சர்வரின் கேபிளைப் பத்து நிமிடம் கழற்றிவைத்து, மீண்டும் செருகியதும் அந்தப் பத்து நிமிடத்தின் எடைமேடைப் பதிவுகள் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள்.