பவர் பட்டனை அமுக்கினாலும் கேமரா ஆன் ஆகலீங்களா?

வணக்கமுங்க. திருப்பூர் பனியன் கம்பெனியில சாம்பிள் படம் எடுக்கிற டிஜிட்டல் கேமரா, பட்டனை நாலஞ்சு தடவை அமுக்கினாத்தான் ஆன் ஆகுதுன்னு கேட்டிருந்தீங்க. பேட்டரி நல்லா இருக்குதுன்னா, பஞ்சுத் தூசிதான் என் சந்தேகம்.

பேட்டரியைக் கழட்டிருங்க. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை (எலக்ட்ரானிக்ஸ் சாமான் துடைக்கிற, சீக்கிரம் காயுற திரவம்) குச்சி நுனியில ஒரே சொட்டு எடுத்து, பட்டன் ஓரத்துல விட்டு, 20, 30 தடவை அமுக்கி விடுங்க. நல்லாக் காயட்டும். தேங்காயெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாமுங்க, பிசுக்குல இன்னும் பஞ்சு ஒட்டும்.

அமுக்கும்போது ‘டிக்’னு தட்டுப்படலைன்னா உள்ள இருக்கிற சுவிட்சே தேஞ்சிருக்கும், மாத்தித்தான் ஆகணும். அதுக்காகத் திருப்புளியை எடுத்துறாதீங்க. பேட்டரியை எடுத்த பின்னாலயும் ஃபிளாஷுக்குக் கரண்டைச் சேத்து வைக்கிற கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் வரைக்கும் நிக்கும், கை பட்டா பலமா ஷாக் அடிக்கும். அந்தக் கரண்டை இறக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்டயே குடுத்துருங்க.