அமெரிக்காவில் ஜூரி டியூட்டிக்கு (கோர்ட் வழக்கில் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களைக் கூப்பிடுவார்களே, அதற்கு) போனால், நியாயமாகப் பார்ப்போமா என்று தெரிந்துகொள்ளச் சொந்த விஷயங்களை எல்லாம் கேட்கிறார்களாமே, பதில் சொல்ல மறுக்கலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று மறுக்க முடியாது. ஆனால் கோர்ட் ஹாலில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. "இதற்கு மட்டும் தனியாகப் பதில் சொல்லலாமா" என்று ஜட்ஜிடம் கேட்கலாம். பெரும்பாலும் சரி என்பார்கள்.

சம்மன் வந்திருக்கிறது, வீட்டில் யாராவது குற்றத்தால் பாதிக்கப்பட்டார்களா, யாராவது கைதானார்களா என்றெல்லாம் கேட்பார்கள் என்று நண்பர் சொன்னார், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடியுரிமை வாங்கி அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். (இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம். குடிமகன் இல்லை என்று குறித்து அனுப்பினால் முடிந்தது.) வீட்டில் ஏதோ ஒன்றைப் பொத்தி வைத்திருக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. அப்படி இல்லை என்றால் மன்னித்துவிடுங்கள். என் வீட்டில் இருந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வக்கீல் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம், ஏன், ஜட்ஜுக்கு ஜட்ஜ் நடைமுறை மாறும். சட்டம் படித்தவர்கள் திருத்தினால் நன்றி சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ், மாநில வருமான வரி இவற்றை எல்லாம் சேர்த்துத்தான் ஜூரிக்குப் பெயர் எடுக்கிறார்கள். அதனால் நம்மவர்கள் நிறையப் பேருக்கு வரும். கோவிட்டுக்கு முந்தைய வருடம் எனக்கு வந்தது. ஒரு பெரிய அறையில் உட்கார வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒரு கூட்டத்தை மட்டும் மேலே கோர்ட் ஹாலுக்குக் கூட்டிப் போனார்கள். கையில் அச்சடித்த கேள்விகள். வழக்கு என்ன என்று ஜட்ஜ் சொன்னார்: கூட வாழ்ந்த பெண்ணை அடித்ததாக ஒருவர் மேல் குற்றச்சாட்டு. அந்த ஆள் அங்கேயே, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கேள்விகளை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். போலீஸில் வேலை பார்க்கும் உறவினர் உண்டா, இந்த வழக்கில் யாரையாவது தெரியுமா, இதெல்லாம் சரி. அடுத்து ஒன்று வந்தது. நீங்களோ, குடும்பத்தில் யாராவதோ, நெருங்கிய நண்பரோ குற்றத்தால் பாதிக்கப்பட்டது உண்டா, போலீஸில் புகார் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும்? அந்தக் கடைசிப் பகுதியில் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. என் தங்கையின் புருஷன் அவளை அடித்துக் கையை ஒடித்தான். முழங்கை இன்னும் நேராக நீளாது. சொந்தக்காரர்களிடம் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றார் அம்மா. அவள் வீட்டோடு வந்த பிறகு "மாப்பிள்ளை மஸ்கட்ல வேலையா இருக்காரு" என்றார். புகார் இல்லை, எஃப்ஐஆர் இல்லை, எங்கேயும் ஒரு வரிகூடப் பதிவில்லை. ஊரில் ஒருத்தரும் கேட்காத கேள்வியை ஏழு கடல் தாண்டி ஒரு கோர்ட் என்னிடம் கேட்டது.

(தங்கை கதையை இங்கே மட்டும் எழுதலாமா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அவள் படித்து, சரி என்று சொன்ன பிறகே போடுகிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.)

என் பிரச்சினை கோர்ட் இல்லை. எனக்கு ரெண்டு வரிசை தள்ளி, எங்கள் தமிழ்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் சிரித்துக் கை காட்டினார்.

முதலில் ஜூரிக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் உட்கார வைக்கப்பட்டவர்கள் இருந்த இடத்திலிருந்தே மைக்கில் பதில் சொன்னார்கள். ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், தன் அண்ணன் போதைப்பொருள் வழக்கில் உள்ளே இருப்பதாகச் சொன்னான். ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண், தன் முன்னாள் கணவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டார். அப்போதுதான் ஜட்ஜ், "அந்தரங்கமான விஷயம் என்றால் இங்கே பக்கத்தில் வந்து சொல்லலாம்" என்றார். இதைத்தானே முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்? அந்தப் பையனுக்குச் சொல்லவில்லையே! இன்றைக்கும் எனக்கு இது ஆறவில்லை. கேள்வியைக் கேட்பதற்கு முன்னாலேயே, தனியாகச் சொல்லும் வழி இருக்கிறது என்பதை உரக்கச் சொல்வது கோர்ட்டின் கடமை. இது யாரோ பெரிய மனது வைத்துக் கொடுக்கிற சலுகை இல்லை.

ஏனென்றால் 1984-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. கலிபோர்னியாவில் ரிவர்சைடு கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு டீன் ஏஜ் பெண்ணின் பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கு. ஜூரி தேர்வு ஆறு வாரம் நடந்தது, அதில் கிட்டத்தட்ட மூன்று நாள் தவிர மற்றதெல்லாம் மூடிய கதவுக்குள். ஜூரர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்கு என்று காரணம் சொன்னார்கள். பிரஸ் என்டர்பிரைஸ் என்கிற செய்தி நிறுவனம் வழக்குப் போட்டது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு, ஜூரி தேர்வு பொதுவாகத் திறந்தே நடக்க வேண்டும், மொத்தமாகக் கதவைச் சாத்தக் கூடாது என்றது. அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: ஆழமான சொந்த விஷயம் வரும்போது, ஜூரர் ஜட்ஜிடம் தனியாகச் சொல்லக் கேட்கலாம், வக்கீல்களும் இருப்பார்கள், பதிவும் ஆகும். அதற்குப் பர்கர் சொன்ன உதாரணமே, தானோ குடும்பத்தில் ஒருத்தியோ பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, கூச்சத்தாலும் வேதனையாலும் வழக்குக்குப் போகாமல் விட்ட ஒரு பெண். பின்னாளில் அதைப் படித்தபோது என் தங்கையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. எழுந்து, "தனியாகச் சொல்லணும், யுவர் ஆனர்" என்றேன். பக்கத்தில் வரச் சொன்னார். ஒரு இயந்திரத்தைப் போட்டார்கள். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரே சீராக "ஷ்ஷ்ஷ்" என்று சத்தம். ஹாலில் இருப்பவர்களுக்கு நாம் பேசுவது கேட்காது. ஜட்ஜ், இரண்டு பக்க வக்கீல்கள், தட்டச்சு செய்கிற அம்மா. திரும்பிப் பார்த்தால் நீலச் சட்டைக்காரர் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தார். நான் சொல்வது அவருக்கும் கேட்கும். ஒரு நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஜெயிலுக்குப் போகப் போவது அவர். தனக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. தமிழ்ப் பள்ளிக்காரருக்கு அந்த உரிமை இல்லை. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

சொன்னேன். அந்த முழங்கையைப் பற்றியும் சொன்னேன். நீலச் சட்டைக்காரரின் வக்கீல், "போட்டோக்கள் காட்டினால் நியாயமாகப் பார்க்க முடியுமா" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "முயற்சி பண்ணுவேன், ஆனா உறுதி சொல்ல முடியாது" என்றேன். அதுதான் உண்மை. ஜட்ஜ் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வார இறுதியில் தமிழ்ப் பள்ளி வாசலில், நாலு பேர் நடுவில், "என்ன மேடம், ஜட்ஜ் காதுல என்ன ஓதுனீங்க? உடனே விட்டுட்டாரு! எங்களுக்கும் அந்த மந்திரத்தைச் சொல்லுங்க" என்றார் அவர். "அது ஜட்ஜ்கிட்ட மட்டும் சொல்ற விஷயங்க" என்றேன். முகம் சுருங்கிப் போனது. போகட்டும். கோர்ட் கேட்பதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு எல்லை இருந்தது. இவர் கேட்பதற்கு இரண்டும் இல்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடும்போது "நீங்க என்ன ஆளுங்க, வெஜ்ஜா, குழந்தை இல்லையா, ஏன்" என்று புரோக்கர் கேட்டால் பல்லைக் காட்டிக்கொண்டு பதில் சொல்கிறோம். இதே ஆட்கள்தான் அமெரிக்க கோர்ட் கேட்டால் பிரைவசி போச்சு என்கிறார்கள்.

அதற்காக கோர்ட் கேட்பதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. நியூ ஜெர்சியின் கேள்வித் தொகுப்பில், என்னென்ன டிவி ஷோ பார்ப்பீர்கள், செய்தி எங்கே தெரிந்துகொள்வீர்கள், காரில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள், வீட்டில் இருப்பவர்கள் என்ன வேலை என்று ஒரு நீளமான கேள்வி உண்டு. முன்னாள் மனைவியைக் கொன்றதாக ஓ.ஜே. சிம்ப்சன் என்ற பிரபல விளையாட்டு வீரர் மேல் நடந்த வழக்கில் 1994-ல் கொடுத்த தாளில் 294 கேள்விகள். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்தது உண்டா என்பதுகூட அதில் இருந்தது. ஆய்வக முடிவுகளை நம்புகிறவரா என்று பார்ப்பதற்காம். டெக்சாஸில் டென்டன் கவுண்டியில் அதே வருடம் ஒரு பெண், நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகளில் பன்னிரண்டுக்கு மட்டும் பதில் எழுத மறுத்தார். மதம், வருமானம், அரசியல் சார்பு இதெல்லாம். மூன்று நாள் சிறை, 200 டாலர் அபராதம் விதித்தார்கள். பிறகு ஃபெடரல் கோர்ட் அதை ரத்து செய்தது. கேள்விக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்காமல் தண்டித்தது தவறு என்றது. அவர் ஜெயித்தார் என்பதற்காக நீங்களும் அந்த வழியில் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "இது வழக்குக்கு எப்படிச் சம்பந்தம்" என்று பணிவாகக் கேளுங்கள், முடிவை ஜட்ஜிடம் விடுங்கள்.

மறைப்பது மட்டும் கூடவே கூடாது. சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்க ஜெஃப்ரி எப்ஸ்டீனுக்கு உதவிய கிலேன் மேக்ஸ்வெல் என்ற பெண்ணின் வழக்கில் ஒரு ஜூரர், சிறுவயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைத் தாளில் குறிக்கவில்லை. தீர்ப்புக்குப் பின் பேட்டியில் அவரே சொல்லிவிட்டார். 2022-ல் அவரைத் திரும்பக் கூப்பிட்டு, திறந்த கோர்ட்டில் விசாரித்தார்கள். வேகமாகப் படித்ததில் தவறிவிட்டது என்றார். தீர்ப்பு மாறவில்லை, ஆனால் பொத்தி வைத்த விஷயம் உலகத்துக்கே தெரிந்தது.

எனக்குக் கேள்விகளைவிடப் பெரிய பயம், பதில் சொன்ன பிறகு நடப்பது பற்றித்தான். எங்கள் மாநிலத்திலேயே ஒரு வழக்கு. நூவர்க்கைச் சேர்ந்த ஒரு கறுப்பின இளைஞர், தன் பேட்டையில் குற்ற வழக்குகளில் சிக்கியவர்களைத் தெரியும் என்று ஒளிக்காமல் சொன்னார். அரசு வக்கீல் தரப்பு எதிர்த்தரப்புக்குச் சொல்லாமல் அவர் பெயரைப் போலீஸ் பதிவுகளில் தேடி, ஒரு பழைய வாரண்ட் இருப்பதைப் பிடித்து, ஆளையே கைது செய்தது. 2021-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கின் தண்டனையை ரத்து செய்தது. ஜூரரின் குற்றப் பின்னணியைத் தேட வேண்டும் என்றால் முன்கூட்டியே அறிவித்து, ஜட்ஜிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் சொன்னது. உண்மை பேசியதற்கு அந்த இளைஞருக்குக் கிடைத்தது கைவிலங்கு. இதைப் படித்தால் நெஞ்சு கொதிக்கிறது.

2024-ல் டிரம்பின் மன்ஹாட்டன் வழக்கில், ஜூரர்களின் பெயர் வெளியே வரக் கூடாது என்று உத்தரவே இருந்தது. ஆனாலும் தேர்வான ஒரு நர்ஸ், செய்திகளில் வந்த விவரங்களை வைத்தே தெரிந்தவர்கள் தன்னை அடையாளம் கண்டுவிட்டதாகச் சொல்லி விலகினார். அதன் பிறகுதான் வேலை செய்யும் இடத்தை எழுதக் கூடாது என்று பத்திரிகைகளுக்குத் தடை வந்தது. நம்மவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். எந்த டவுன், என்ன கம்பெனி, பிள்ளைகள் எத்தனை என்று மூன்று பதில் போதும், தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழு ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதனால் ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர் கேட்டால் ஒழிய நீங்களாகச் சொல்லாதீர்கள். "ஐடியில் வேலை" என்றால் போதும்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான் போனபோது இங்கே முதல் மூன்று நாளைக்கு நாளுக்கு 5 டாலர் கொடுத்தார்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு கம்பெனி ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன். என் கன்சல்டன்சிக்காரர் "எப்படியாவது எக்ஸ்கியூஸ் வாங்கிடுங்க, கிளையண்ட் கோவிச்சுக்குவாங்க" என்று மூன்று முறை ஃபோன் செய்தார். குடும்பத்தில் இல்லாத பிரச்சினையை எல்லாம் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கச் சிலர் நினைப்பதற்கு இந்த 5 டாலரும் ஒரு காரணம். அப்படிப் பொய் சொல்கிறவர்களால்தான், உண்மையிலேயே வலியைச் சுமந்து வருகிறவர்களை ஜட்ஜ் சந்தேகத்தோடு பார்க்கிறார்.

உங்களுக்கு வந்திருப்பது கேள்வித்தாளாக இருந்தால், தனியாகப் பேச விரும்பினால் குறிக்கவும் என்று பல தாள்களிலேயே ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கு எதிரே "ஜட்ஜிடம் தனியாகச் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். காலியாக விடாதீர்கள். நேரில் கேட்டால் கையைத் தூக்கி அதையே சொல்லுங்கள், காரணத்தை மைக்கில் விளக்க வேண்டாம். தனியாகப் போனாலும் அங்கே சொல்வது பதிவாகும், வக்கீல்களுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தெரியும். அந்தப் பதிவை மூடி வைக்க முடியுமா என்று அங்கேயே ஜட்ஜிடம் கேளுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டு விஷயம் என்ன என்பதை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள்.